கேட்டுக்கு வெளியே

போன சனிக்கிழமை சின்னவள் ஸ்கூலில் பேரண்ட்ஸ் மீட்டிங். மூணாங்கிளாஸ். வழக்கமா தங்கமணிதான் போவாள். அன்னிக்கு அவளுக்கு ஆபீஸ், அதனால நான். டில்லிக்கு வந்து பதினாலு வருஷமாச்சு, இன்னும் என் ஹிந்தி மீட்டிங்கில் பேசற அளவுக்குத் தேறலை. அதனால கடைசி பெஞ்ச் :-)

மார்க் புராணம் முடிஞ்சதும் ஒருத்தர் எழுந்து குழந்தைகள் பாதுகாப்பு பத்தி ஆரம்பிச்சார். ஸ்கூல் சுவரை ஒட்டி, ஃப்ளைஓவர் அடியில் ஏழெட்டுக் குடும்பங்கள் இருக்கு. தார்ப்பாய், மூணு செங்கல் அடுப்பு. சிக்னலில் பலூன் விக்கறவங்க. அவங்களை அங்கேயிருந்து காலி பண்ணச் சொல்லி மாநகராட்சிக்கு ஒரு மனு. கைமாறி கைமாறி என்கிட்ட வந்தப்போ அதில் நாற்பது கையெழுத்து இருந்தது.

பொய் சொல்ல மாட்டேன், பேனாவைத் திறந்துட்டேன். ராத்திரி அங்கே குடிச்சுட்டு அடிச்சுக்கறதை நானே பார்த்திருக்கேன். பெண்ணைப் பெத்தவனுக்குப் பயம் இல்லாம இருக்குமா?

அப்போதான் 2017 ஞாபகம் வந்தது. குருகிராமில் ஒரு பள்ளிக்குள்ளேயே ஏழு வயசுப் பையன் கொல்லப்பட்டான். உடனே ஒரு பஸ் கண்டக்டரைப் போலீஸ் கைது பண்ணியது. நாங்க எல்லாருமே நம்பினோம். ஏழை, வெளியாள், வேறென்ன வேணும்? ரெண்டு மாசத்தில் சிபிஐ அதே பள்ளி மாணவன் ஒருவனைப் பிடிச்சது. கண்டக்டரை 2018ல் கோர்ட் விடுவிச்சது.

பேனாவை மூடிட்டுக் கையைத் தூக்கினேன். உடைஞ்ச ஹிந்தியில் ரெண்டே கேள்வி. இன்னிக்கு நான் உள்ளே வந்தப்போ கேட்டில் ஏன் யாருமே என் பேரைக் கேட்கலை? வேன் டிரைவர்களுக்குப் போலீஸ் வெரிஃபிகேஷன் முடிஞ்சதா? ஹாலில் சத்தமே இல்லை. இருக்கிறது ஒரே வாட்ச்மேன், அவர் சாப்பிடப் போனா கேட் திறந்துதான் கிடக்கும்னு அப்புறம்தான் தெரிஞ்சது. பிரின்சிபல் குறிச்சுக்கிட்டாங்க. பக்கத்து சீட்காரர் மட்டும், "நாளைக்கு உங்க பொண்ணுக்கு ஏதாவது ஆனா?" என்றார். பதில் சொல்லத் தெரியலை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "அந்தப் பசங்க எங்கே படிக்கிறாங்க?" என்றாள் தங்கமணி. 6 முதல் 14 வயசு வரை எல்லாருக்கும் இலவசக் கட்டாயக் கல்வின்னு சட்டம் அமலுக்கு வந்தது 2010 ஏப்ரலில். எங்க ஸ்கூல் மாதிரி தனியார் பள்ளிகளும் ஆரம்ப வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்கணும். சட்டப்படி பார்த்தா அந்தக் குழந்தைகள் சுவருக்கு உள்பக்கம் இருக்க வேண்டியவங்க.

நமக்கும் இது தூரத்து விஷயம் இல்லை. 2025 ஜூனில் ஜங்புரா மதராசி கேம்பை இடிச்சாங்களே, சுமார் 370 வீடுகள், பெரும்பாலும் நம்ம ஜனங்க. நரேலாவில் மாற்று வீடு கிடைச்சது ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். மத்தவங்களை எந்த ஊர்க்காரனும் "யாரோ வெளியாள்"னு சொல்லிட்டா நமக்கு எப்படி இருக்கும்?

திங்கட்கிழமை கேட்டில் புதுசா ஒரு நோட்டு. வாட்ச்மேன் பேர் கேட்டார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தா தார்ப்பாய் அப்படியே இருக்கு, அடுப்பில் டீ கொதிக்குது. எத்தனை நாளைக்கோ தெரியலை. மனு போயிருக்கும், அதுக்கு என் கையெழுத்து எதுக்கு, நாற்பது போதுமே.

உங்க பக்கத்து ஸ்கூலில் எப்படி? கேட்டில் பேர் கேட்கிறாங்களா?