என் தொடைக்கு ஏற்ற ஸ்குவாட்

பார்பெல்லைத் தோளில் ஏற்றி ஸ்குவாட் போடுவதை நான் விட்டுவிட்டேன். ஜிம்மில் இதை வாய்விட்டுச் சொல்ல ரொம்ப நாள் கூச்சமாக இருந்தது. இன்று இல்லை. போட்டிக்குப் போகாத நம்மைப் போன்றவர்களுக்கு எந்தப் பயிற்சியும் கட்டாயமில்லை, அசைவுதான் கட்டாயம் என்ற தெளிவு அதை விட்ட பிறகுதான் எனக்கு வந்தது.

நாற்பதைத் தாண்டி வெயிட் தூக்க வந்தவன் நான். பகலெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் வேலை. ஆள் உயரம்; அதிலும் கால்தான் நீளம். பார்பெல்லோடு இறங்கும்போதெல்லாம் நெஞ்சு தரையைப் பார்த்துக் கவிழும். மறுநாள் அடிமுதுகு பிடித்துக்கொள்ளும். "நெஞ்ச நிமித்துங்க" என்பார்கள். நிமிர்த்தினால் பின்பக்கம் சாய்வேன்.

ஜிம் மாஸ்டர் ஒருநாள் பக்கவாட்டில் நின்று பார்த்துவிட்டு, "சார், உங்களுக்குத் தொடை நீளம், மேலுடம்பு கட்டை. இந்த ஸ்குவாட்ல நீங்க சாஞ்சுதான் ஆகணும்" என்றார். விழாமல் நிற்க வேண்டுமானால் பாரம் பாதத்தின் நடுவுக்கு நேர்மேலே இருக்க வேண்டும். தொடை நீளமாக இருந்தால் உட்காரும்போது இடுப்பு அதிகமாகப் பின்னால் போகும். அதை ஈடுகட்ட மேலுடம்பு முன்னால் சாயும். அப்படிச் சாய்ந்தே பிரமாதமாகத் தூக்குபவர்கள் உண்டு. எனக்கோ கால் களைப்பதற்கு முன்பே முதுகு களைத்துவிடும்.

அவர் ஒரு டம்பெல்லைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் மேல்தலையை இரண்டு உள்ளங்கைகளாலும் தாங்கி நெஞ்சோடு அணைக்கச் சொன்னார். கோப்லெட் ஸ்குவாட் என்று பெயர். அமெரிக்கப் பயிற்சியாளர் டான் ஜான் பரவலாக்கியது. பின்னால் போகும் இடுப்புக்கு முன்னால் இருக்கும் டம்பெல் ஈடுகொடுக்கிறது. குதிகாலுக்கு அடியில் சின்ன பிளேட் ஒன்றையும் வைத்தார். முழங்கை இரண்டும் முட்டிகளுக்கு நடுவே இறங்கும்வரை உட்கார்ந்தேன். முதுகு நிமிர்ந்தே இருந்தது. எழுந்தபோது வேலை முழுக்கத் தொடையில் தெரிந்தது.

தரையிலிருக்கும் பார்பெல்லைக் குனிந்து தூக்கும் டெட்லிஃப்டிலும் இதே கதைதான். போட்டிகளில் பயன்படும் பெரிய பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர். அதனால் பார்பெல் தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். ஐந்தடிக்காரருக்கும் ஆறடிக்காரருக்கும் அதே உயரம்தான். நம் ஊர் ஜிம்களில் எடை குறைந்த இரும்பு பிளேட்கள் அளவிலும் சிறியவை. பார்பெல் இன்னும் தாழ்ந்துவிடும். புதிதாக வருபவர்தான் எல்லோரையும்விட அதிகமாகக் குனிய வேண்டியிருக்கிறது. பிளேட்டுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்திக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை. இல்லையென்றால் ரொமேனியன் டெட்லிஃப்ட் இருக்கிறது. நின்ற நிலையில் தொடங்கி, முதுகு வளையாத அளவுக்கு மட்டும் இறங்கி நிமிர்வது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ருமேனிய வீரர் நிக்கு விளாட் செய்ததைப் பார்த்து அமெரிக்கர்கள் வைத்த பெயர் அது.

எதைத் தேர்ந்தாலும் இடுப்பிலிருந்து குனியத் தெரிய வேண்டும். மாஸ்டர் எனக்கு அதை ஒரு மாப் குச்சியை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். குச்சி பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றையும் தொட்டபடி இருக்க வேண்டும். முட்டியை லேசாக மடக்கி, பிட்டத்தைப் பின்னால் தள்ளிக் குனிய வேண்டும். மூன்றில் ஓரிடம் விலகினாலும் முதுகின் நிலை மாறிவிட்டது என்று அர்த்தம். தொடையின் பின்பக்கம் இழுப்பது தெரிந்தால் சரியாகக் குனிகிறோம்.

வீட்டில் அம்மாவுக்கு நாற்காலியிலிருந்து எழுவதே சிரமமாகிவிட்டது. "அம்மா, கைய ஊனாம எந்திரிச்சுப் பாருங்க" என்றேன். "முட்டி ஒத்துக்கலடா" என்றார். உட்காரும் இடத்தில் கெட்டியான தலையணை ஒன்றை வைத்து உயர்த்தினேன். எழுந்துவிட்டார். சில வாரங்களில் அதைவிட மெல்லிய தலையணை போதுமாக இருந்தது. எனக்கு டம்பெல், அம்மாவுக்குத் தலையணை. அசைவு ஒன்றுதான்.

உட்கார்ந்து எழுவது, குனிந்து நிமிர்வது, தள்ளுவது, இழுப்பது, சுமந்து நடப்பது: இந்த ஐந்தும் வாரத்துக்குள் வந்துவிட வேண்டும். பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது 2 நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பார்பெல் பெஞ்ச் பிரஸில் தோள் வலிக்கிறதா, டம்பெல்லுக்கு மாறலாம். மணிக்கட்டும் முழங்கையும் தமக்கு வசதியான கோணத்தைப் பிடித்துக்கொள்ளும். தண்டாலும் நல்ல மாற்று. பெஞ்சில் அழுந்திக் கிடக்கும் தோள்பட்டை எலும்பு தண்டாலில் தாராளமாக நகரும்.

பயிற்சியை மாற்றலாம் என்றதும் வாரத்துக்கு ஒன்றாகத் தாவக் கூடாது. பொருந்தியதைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் செய்தால்தான் பாரத்தை ஏற்ற முடியும். 1940களில் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் காயம்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் தாமஸ் டிலோர்ம், பாரத்தைப் படிப்படியாக ஏற்றித்தான் வலுவிழந்த கால்களைத் தேற்றினார். இன்றைய வலுப்பயிற்சிக்கும் அதுதான் அடிப்படை. எடுத்த எடுப்பில் உச்சத்தைத் தொட வேண்டியதில்லை. இன்னும் இரண்டு முறை தூக்கலாம் என்ற தெம்பு மிச்சமிருக்கும்போதே செட்டை முடிக்கலாம். எல்லா ரெப்பும் சுத்தமாக வந்தால் அடுத்த வாரம் கொஞ்சம் ஏற்றலாம்.

ஒரு பயிற்சி எனக்கானதா என்று முடிவுசெய்ய மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன். வேலை செய்ய வேண்டிய தசைதான் களைக்கிறதா? மறுநாள் காலை மூட்டு நிம்மதியாக இருக்கிறதா? வரும் மாதங்களில் இதில் பாரம் ஏற்ற இடமிருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது உங்களுக்கானது. பக்கத்து ரேக்கில் இருப்பவர் என்ன தூக்கினாலும் சரி. ஒன்றுக்கு இல்லை என்று வந்தாலும், நாளைக்கே மாஸ்டரிடம் போய் "எனக்கு வேற ஒண்ணு சொல்லுங்க" என்று கேளுங்கள். கூச்சமே வேண்டாம்.