துரியோதனனுக்கு ஓர் ஒப்பாரி

நாட்றம்பள்ளி,
வைகாசி மாதம்.

அன்புள்ள நண்பருக்கு,

சோக நாடகம் என்பது கிரேக்கர்களுக்கு மட்டுமே வாய்த்த செல்வம் என்றும், மங்களத்தில் முடியாத கதையை நம்மவர் ரசனை பொறுக்காது என்றும் சென்ற கடிதத்தில் தாங்கள் தீர்ப்பளித்திருந்தீர்கள். ஏலகிரி மலைக்கு அண்மையில் உள்ள இவ்வூரில் தங்கி, பக்கத்துக் கிராமம் ஒன்றில் திரௌபதி அம்மனுக்கு நடந்த அக்னி வசந்த விழாவைக் கண்ட பிறகு, அத்தீர்ப்பை மறுபரிசீலனை செய்யும்படி தங்களை வேண்டிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

சமஸ்கிருத நாடகத்தைப் பொறுத்தவரையில் தங்கள் கூற்று பெரும்பாலும் சரி. பரத சாஸ்திரம் நாயகனுடைய மரணத்துக்கு அரங்கில் இடம் தருவதில்லை. 1912-இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியார் வெளியிடத் தொடங்கிய பாஸ நாடகங்களுள், தொடை முறிந்த துரியோதனன் மேடையிலேயே உயிர்விடும் ‘ஊருபங்கம்’ ஓர் அபூர்வமான விலக்கு. ஆனால் சாஸ்திரம் அறியாத, அல்லது அறிந்தும் பொருட்படுத்தாத, நம் தெருக்கூத்தின் கதை வேறு.

கிரேக்க நாடகம் பிறந்த விதத்தைச் சற்று நினைவுகூருங்கள். தயோனிசஸ் என்ற தெய்வத்துக்கு வசந்த காலத்தில் எடுத்த உற்சவத்தில் ஒரு குழு பாடி ஆடியது. அந்தப் பாட்டை முன்னின்று நடத்தியவர்களிடமிருந்தே நாடகம் முளைத்தது என்கிறார் அரிஸ்டாட்டில். கி.மு. 534-ஐ ஒட்டி தெஸ்பிஸ் என்பவர் குழுவினின்றும் பிரிந்து பாத்திரமாகப் பேசினார் என்பது மரபு. ஈஸ்கிலஸ் இரண்டாவது நடிகனையும் சோபாக்ளீஸ் மூன்றாமவனையும் சேர்த்தார்கள். பெண் வேஷமும் ஆண்களுக்கே. செலவை ஏதென்ஸ் நகரத்துத் தனவான்கள் முறைவைத்து ஏற்றார்கள். இங்கே உபயதாரர்கள் ஏற்பதுபோல.

இப்போது எங்கள் களத்துக்கு வாருங்கள். பகலெல்லாம் பிரசங்கியார் வில்லிபாரதத்தை விரித்துரைக்க, இரவு பத்து மணிக்கு மேல் அதே கதை கூத்தாகிறது. ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் தாளமும் பெஞ்சியில் பின்னே அமர்ந்திருக்க, பின்பாட்டுக்காரர் குரல் கொடுக்க, இருவர் பிடித்த திரைக்கு மறைவில் நின்றபடியே தன் பிரவேசத் தருவைப் பாடத் தொடங்கும் வேஷக்காரன், திரை விலகியதும் கிரீடமும் புஜக்கட்டையும் மின்னச் சுழன்றாடி நிற்க, ‘தாங்கள் யார், எந்த தேசத்து அரசர்?’ என்று கட்டியங்காரன் வினவுகிறான். பாடும் கூட்டமும், அதற்கு முன்னால் ஒருவனும், அவனைக் கேள்வி கேட்க இன்னொருவனும்: அரிஸ்டாட்டிலின் சில வரிகளைக் கொண்டு அறிஞர்கள் ஊகித்துப் பார்க்கும் அந்த ஆதி நிலை கண்ணெதிரே நடக்கிறது. துகிலுரிதல் கூத்தில், துச்சாதன வேஷக்காரர் சேலையைத் தொடுமுன் கற்பூரம் ஏற்றி வணங்கினார். அபிநயத்துக்கும் அபசாரத்துக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு என்று அறிந்தவருடைய வணக்கம் அது.

உச்சம் படுகளம். ஊருக்கு வெளியே பல கஜ நீளத்தில் துரியோதனனை மண்ணால் மல்லாந்த நிலையில் சமைத்து, செந்நீர் நிறைந்த கலயத்தைத் தொடையில் புதைத்திருந்தார்கள். காலை வெயில் ஏறும்போது பீமனும் துரியோதனனும் அம்மண்ணுடலைச் சுற்றியும் அதன் மேலேயும் ஓடி ஓடிப் போரிட்டு, இறுதியில் பீமன் தொடையை அடித்துப் பிளக்க, அந்தச் சிவப்பைக் கொண்டு திரௌபதி தன் விரித்த கூந்தலை முடிந்தாள். கிரேக்கர் கொலையை அரங்கில் காட்டாமல் தூதன் வாயால் சொல்வித்தார்கள். நம்மவர் அதை மண்ணுடலுக்கு மாற்றிவிட்டார்கள்.

பிறகு நடந்ததைத்தான் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். துரியோதனன் மனைவி பெருந்திருவாளாக வேஷமிட்டவர் வந்து, அந்த மண் மார்பில் விழுந்து ஒப்பாரி வைத்தார். இரவெல்லாம் பாண்டவர் பக்கம் நின்ற கூட்டம், திரௌபதியையே தெய்வமாகக் கும்பிடும் கூட்டம், அவளுடைய சத்துருவுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. பாரசீகரைக் கடற்போரில் வென்ற எட்டே ஆண்டுகளில், கி.மு. 472-இல், தோற்ற பாரசீக அரண்மனையின் அழுகையை ஈஸ்கிலஸ் ஏதென்ஸ் மக்கள் முன் அரங்கேற்றினார். முழுமையாகக் கிடைக்கும் கிரேக்க நாடகங்களுள் அதுவே பழையது. பகைவனுடைய துக்கத்தையும் தன் துக்கமாக அனுபவிக்கச் செய்வதே அந்தக் கலையின் சாரம் என்றால், அதை இந்தப் பொட்டலில் கண்டேன். என் அருகே அமர்ந்திருந்த பெண்களில் பலர் வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்குப் போகிறவர்கள். அன்று ‘லீவு’ போட்டு வந்திருந்தார்கள்.

வேற்றுமையும் இல்லாமலில்லை. ஏதென்ஸில் மூன்று கவிகள் போட்டியிட்டார்கள்; வென்றவர் பெயரை நகரம் பதிந்துவைத்தது; நாடகம் மெல்ல மெல்ல இலக்கியமாயிற்று. நம் கூத்துக் கவிகளில் பெரும்பாலோர் பெயரற்றுப் போனார்கள், அது நஷ்டமே. ஆயினும் நூற்றுக்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதினார் எனப்படும் சோபாக்ளீஸுக்கு முழுமையாக எஞ்சியவை 7. அவையும் வெறும் சொற்களாகவே எஞ்சின. பாட்டும் ஆட்டமும் மாண்டுபோயின. இங்கே பாட்டும் ஆட்டமும் உயிரோடிருக்க, சொற்கள்தாம் ஆட்டக்காரர்களின் நோட்டுப் புத்தகங்களில் நைந்துகொண்டிருக்கின்றன. அங்கே பார்த்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள்; இங்கே அன்று மாலையே விரதக்காரர்கள் தீக்குழியில் இறங்கினார்கள்.

அடுத்த சித்திரையிலோ வைகாசியிலோ ஜோலார்பேட்டைக்கு ரயிலேறி வாருங்கள். இரவுக்கு ஒரு பாய் போதும். படுகளத்தன்று மட்டும், கலயம் உடைந்ததும் கூட்டத்தில் ஒரு பகுதி மண்ணை அள்ளிக்கொண்டு கலைகிறதே என்று தாங்களும் எழுந்துவிடாமல், அந்த ஒப்பாரி முடியும் வரையில் இருந்து கேளுங்கள். அதன் பிறகும் பழைய அபிப்பிராயமே நிலைக்குமானால் எனக்கு எழுதுங்கள்.

தங்கள் அன்புள்ள நண்பன்.