மரபில் வருவது நோய் மட்டுந்தானா?



பெற்றோர்களுக்கும் ஆசிரிய நண்பர்களுக்கும் இன்று நீரிழிவு நோயைப் பற்றிச் சில சொற்கள். நம் மக்கள் இதனை ‘இனிப்பு நீர்’ என்பார்கள். “எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் உண்டு, எனக்கும் வந்துவிட்டது” என்று குடும்பச் சொத்தைக் குறிப்பிடுவது போலக் கூறுவோரைச் செமினி வட்டாரத்தில் அடிக்கடி காண்கிறேன். பரம்பரை நோயை யாரால் தடுக்க முடியும் என்னும் அந்த எண்ணம் நோயைக் காட்டிலும் ஆபத்தானது என்பது என் கருத்து.

சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர்! 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாகக் குறைந்தது. ஆயினும், நோயுள்ளவர்களில் ஐவரில் இருவர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதிருந்தனர்.

ஏன் அறிவதில்லை? உண்ட உணவு குளுக்கோசாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் அதனைத் தசைகளுக்குள் செலுத்துகிறது. இரண்டாம் வகை நீரிழிவில் உடல் இன்சுலினின் ஏவலுக்குச் சரிவரப் பணிவதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து, பல ஆண்டுகளில் களைத்துப் போகிறது. அப்பொழுது சர்க்கரை உயர்கிறது. தொடக்கத்தில் வலியில்லை, காய்ச்சலில்லை. கண்ணும் சிறுநீரகமும் கால் நரம்பும் அமைதியாகப் பழுதடைகின்றன. நம் உடலமைப்பில் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும் இயல்பு அதிகம். ஆகவே, ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்னும் இடுப்பளவைக் கடந்தால், ஒல்லியான கை கால் உடையவரும் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

மரபணு ஓரிரு தலைமுறையில் மாறுவதன்று. மாறியது நம் வாழ்க்கை. செமினி, ரிஞ்சிங் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, மரத்துக்கு மரம் நடந்து பால் சீவி, வாளி சுமந்த உடல்களுக்குக் குவித்த சோறும் கெட்டிப்பால் தேநீரும் தேவைப்பட்டன. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. வாளி போயிற்று, நடை போயிற்று. சோற்றின் அளவும் கெட்டிப்பாலும் மட்டும் போகவில்லை.

அண்மையில் நலக்கல்விப் பாடத்தின்போது, வீட்டில் யாருக்கேனும் இந்நோய் உண்டா எனக் கேட்டேன். பாதிக்கு மேற்பட்ட கைகள் உயர்ந்தன. ஒரு மாணவி எழுந்து, “பாட்டிக்குக் கால் விரலை எடுத்திட்டாங்க டீச்சர். அம்மா ஊசி போடுறாங்க. நான் பெரிசானா எனக்கும் போடணுந்தானே?” என்றாள். பத்து வயதுப் பிள்ளை. பால் பல் விழுவதைப் பற்றிக் கேட்பது போல, அத்தனை இயல்பாகக் கேட்டாள்.

“கட்டாயமில்லையம்மா” என்றேன். அது வெறும் ஆறுதல் மொழியன்று. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நீரிழிவுக்கு முந்திய நிலையிலிருந்த 531 இந்தியர்கள் அதில் பங்கேற்றனர். நடையையும் உணவு மாற்றத்தையும் கடைப்பிடித்தவர்களுக்கு, மூன்றாண்டுக் காலத்தில் நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபோர்மின் மாத்திரை உட்கொண்டவர்களுக்குக் குறைந்தது 26.4 விழுக்காடு. மாத்திரை செய்ததை நடையும் உணவும் செய்துவிட்டன!

நாம் செய்யக்கூடியவை எளியவையே.

இரவு உணவுக்குப்பின் குடும்பமாகப் பதினைந்து நிமிடம் நடக்கலாம். இயங்கும் தசை, இன்சுலினை எதிர்பாராமலே குளுக்கோசை ஈர்த்துக்கொள்ளும்.

சுகாதார அமைச்சு பரப்பிவரும் ‘சுக்கு-சுக்கு-செப்பாரோ’ முறையில் தட்டை நிரப்பலாம். கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, அரைப் பங்கு காய்கறியும் பழமும்.

பானப் புட்டியின் தாளைப் பிள்ளைகளையே படிக்கச் சொல்லுங்கள். 100 மில்லிலிட்டரில் 10 கிராம் சீனி என்றிருந்தால், 500 மில்லிலிட்டரில் எத்தனை? 50 கிராம்; ஏறத்தாழ 12 தேக்கரண்டி. கணிதமும் ஆயிற்று, நலக்கல்வியும் ஆயிற்று. வகுப்பில் பிறந்தநாள் கொண்டாடும்போது, மிட்டாய்ப் பொட்டலத்துக்கு மாற்றாக ஒரு பென்சில் கொடுக்கலாமே.

குடும்பத்தில் நோயுள்ளோர் இருப்பின், முப்பது வயதைக் கடந்த பெற்றோர்கள் அரசாங்க மருந்தகத்தில் ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வெறும் வயிற்றில் 7.0 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் வந்தால், மருத்துவர் மீண்டும் சோதித்து நோயை உறுதிசெய்வார். ஏற்கெனவே மருந்து உண்போர், பாகற்காய்ச் சாற்றை நம்பி அதனை நிறுத்திவிட வேண்டா.

பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குக் குருதி மட்டும் வருவதில்லை. தேநீரில் போடும் சீனியின் அளவும், மாலையில் நடக்கும் பழக்கமும் சேர்ந்தே வருகின்றன. முதலாவதை நம்மால் மாற்ற இயலாது. மற்றவை இன்றிரவே நம் கையில் இருக்கின்றன.

சிந்திப்போம், செயல்படுவோம். மீண்டும் சந்திப்போம்.