பச்சை உணவும் அடுப்பும்

அடுப்பைக் காணாத உணவே மனிதனுக்கு இயற்கை விதித்த உணவு என்னும் குரல் இன்று எம்மவரிடையேயும் கேட்கின்றது. படித்த நண்பர்கள் சிலர் சோற்றையும் கறியையும் ஒதுக்கிவிட்டுப் பழமும் காயும் முளைப்பயறும் உண்டு வாழ முனைகின்றனர். அவர்களை எள்ளி நகையாடுவது எமது நோக்கமன்று. அவர்கள் கூற்றில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்று ஆராய்வதே நோக்கம்.

உண்மையை முதலிற் கூறிவிடுவோம். விற்றமின் சி வெப்பத்தால் அழிகின்றது; எஞ்சியதிற் பெரும்பகுதி அவித்த நீரோடு போய்விடுகின்றது. வல்லாரையை அவிக்காது சம்பலாக்கும் எமது வழக்கம் அச்சத்தைக் காக்கின்றது. பச்சை உணவில் நார்ப்பொருள் மிகுதி. சீனியும் உப்பும் பொரித்த எண்ணெயும் தாமாகவே குறைகின்றன. நீரிழிவு பெருகிவரும் இந்நாட்டில் இது சிறு நன்மையன்று. எமது வீட்டிலும் கிழமையில் மூன்று நாள் முளைப்பயறும் வாழைப்பழமுமே காலை உணவு. அதிற் குறையொன்றும் கண்டிலோம்.

ஆயின், ஒரு வேளை உணவை வாழ்நாள் நெறியாக்கும்போது நிலைமை மாறுகின்றது. காந்தியடிகள் 1929ஆம் ஆண்டிற் சமையாத உணவை உண்டு சோதித்தார். உடல் நலிவுறவே கைவிட்டார். வெந்த முட்டையின் புரதத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சமிபாடடைய, பச்சை முட்டையிற் பாதியளவே சமிபாடடைகின்றது எனப் பெல்ஜிய ஆய்வாளர் 1998இற் கண்டனர். நெடுங்காலம் பச்சை உணவையே பெரிதும் உண்ட, 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பேருக்கு மாதவிலக்கு ஓரளவோ முற்றாகவோ நின்றிருந்ததை 1999இல் வெளியான ஜேர்மன் ஆய்வு காட்டிற்று. மரவள்ளியின் சயனைட்டு நஞ்சை நீக்கி, அதனை ஏழையின் உணவாக்கியதும் நெருப்பே.

இந்நெறி எவர்க்கு இயலும் என்னும் கேள்வியும் உண்டு. நாளொன்றுக்கு 2000 கலோரியை வாழைப்பழத்தால் மட்டும் பெற இரண்டு கிலோவுக்கு மேல் உண்ணவேண்டும். வெள்ளரிக்காயாயின் பதின்மூன்று கிலோ வேண்டும்! இக்குறையை முந்திரியும் பாதாமும் வாங்கி நிரப்பக்கூடியவர் எத்தனை பேர்? ரொட்டியை உண்டு மலையேறிக் கொழுந்து பறிக்கும் தோட்டத் தொழிலாளியிடம் இந்நெறியைப் போதிக்க எமக்கு நா எழாது. பச்சை இலையைக் கழுவ நல்ல நீரும் வேண்டும். கிணறும் மலசலகூடக் குழியும் அருகருகே அமைந்த குடாநாட்டு வளவுகளில், நெருப்பாய்ச்சுரக் கிருமியிலிருந்து ஏழையைக் காப்பது கொதிக்கும் பானையே.

அடுப்பணைந்தாற் பெண்ணுக்கு விடுதலை என்பாரும் உளர். விறகுப் புகை அவள் நெஞ்சை அரிப்பது மெய்யே. எனினும் அடுப்பு அணைந்ததும் வேலை ஓய்வதில்லை. கீரை ஆய்தல், தேங்காய் திருவுதல், காய் அரிதல் யாவும் எஞ்சி நிற்கின்றன. பயற்றை ஊறவைத்து, கழுவி, துணியிற் கட்டிவைக்கும் வேலையை எமது வீட்டில் நாமே செய்கின்றோம். ஆதலின் அவ்வுழைப்பின் அளவை அறிவோம். அதனைப் பகிராத ஆடவன் உண்பது பச்சை உணவாயினும் வெந்த உணவாயினும் பெண்ணின் சுமை ஒன்றே.

2022ஆம் ஆண்டில் எரிவாயுக் கொள்கலனுக்காக எம் மக்கள் இரவு பகலாக வரிசையிற் காத்து நின்றனர். பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. இயற்கை உணவு வாய்த்ததென்று அன்று எவரும் மகிழ்ந்திலர். விரும்பி அடுப்பை அணைப்பவன் பசித்தால் மீண்டும் மூட்டலாம். வரிசையில் நின்றவளுக்கு அவ்வுரிமை இருக்கவில்லை.

ஆகவே காலையிற் பழமும் சம்பலும் உண்போம். நண்பகலிற் சோறு சமைப்போம். தூய நீர், வாங்கக்கூடிய விலையிற் காய்கனி, புகையில்லா அடுப்பு ஆகிய மூன்றும் எல்லார்க்கும் கிடைக்கவேண்டுமென ஓயாது கேட்போம். அவை கிடைத்த பின்னர், எதனைப் பச்சையாக உண்பது, எதனைச் சமைத்து உண்பது என்பதை அவரவர் நாவும் வயிறும் தீர்மானிக்கட்டும்.