தண்ணிக்குள்ள ஒரு குடும்பப் படம்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. மார்ச் மாசக் கணக்கு முடிக்கிறதுக்குள்ள தாவு தீர்ந்துபோச்சு. ஆணி கொஞ்சம் குறைஞ்சதும் கேமரா வாங்கின கதையைச் சொல்லிடலாம்னு உக்காந்துட்டேன்.

ரஞ்சன்காவ் தெரியாதவங்களுக்கு ஒரு வரி. புனேயிலிருந்து அகமத்நகர் (2024-ல பேரு மாத்தி அகில்யாநகர் ஆக்கிட்டாங்க) போற ரோட்டுல 50 கிலோமீட்டர். ஒரு பக்கம் அஷ்ட விநாயகர்ல ஒருத்தரான மகாகணபதி, இன்னொரு பக்கம் எம்.ஐ.டி.சி. ஃபேக்டரிகள், நடுவுல எங்க பேங்க். கண்ணுக்கெட்டின தூரம் கடலே கிடையாது. இந்த ஊர்ல உக்காந்துகிட்டு தண்ணிக்கடியில படம் எடுக்க கேமரா தேடினவன் நானாத்தான் இருப்பேன்.

எல்லாம் ஒன்பதாவது படிக்கிற என் பொண்ணு ஆரம்பிச்சது. லீவுக்கு மால்வண் போறோம், ஸ்நார்க்லிங் பண்றோம், படம் வேணும். தங்கமணி உடனே, "அதான் உங்க போன் வாட்டர்ப்ரூஃபாச்சே, எதுக்குங்க தனியா?"ன்னு கேட்டா. நான் பதில் சொல்லலை. ஏன்னு அவளுக்கும் தெரியும்.

ரெண்டு வருசம் முன்னாடி கோவா கடல்ல, ஐபி68 போட்டிருக்கேங்கிற தைரியத்துல பழைய போனோட இடுப்பளவு தண்ணியில இறங்கினேன். சாயங்காலம் போன் செத்துப்போச்சு. சர்வீஸ் சென்டர்ல, தண்ணி புகுந்தா வாரண்டி இல்லைன்னு கைய விரிச்சுட்டாங்க. ஐபி68ங்கிறது கம்பெனி சொல்ற ஆழத்துல, சொல்ற நேரத்துக்கு, நல்ல தண்ணியில பண்ற சோதனை. உப்புத்தண்ணிக்கும் அலைக்கும் அது உத்தரவாதம் இல்லைன்னு அப்புறந்தான் படிச்சேன்.

போன் போனது பெருசில்லை. அப்பா கடைசியா இங்க வந்திருந்தப்ப மகாகணபதி கோயில் வாசல்ல எடுத்த படங்கள் அதுலதான் இருந்தது. மராத்திக்காரப் பூக்காரம்மாகிட்ட தமிழ்லயே பேரம் பேசுற ஒரு சின்ன வீடியோவும். இடம் பத்தலை, காசு கட்டுன்னு கேட்டுச்சேன்னு பேக்கப்பை நிறுத்தி வெச்சிருந்தேன். மாசத்துக்கு ஒரு காபிக் காசு மிச்சம். கஸ்டமருக்கெல்லாம் "நாமினி போட்டீங்களா, பேப்பர் பத்திரமா இருக்கா"ன்னு பாடம் எடுக்கிறவன் லட்சணம் இது.

அதனால இந்தத் தடவை லோன் அப்ரைசல் மாதிரியே உக்காந்து பார்த்தேன். பட்ஜெட் இருபதாயிரம்.

முதல்ல பிளாஸ்டிக் பவுச். விலை சல்லிசு. ஆனா தண்ணிக்குள்ள டச் ஸ்க்ரீன் சொன்னபடி கேக்காது, ஒரு ஓட்டை விழுந்தா போனும் போச்சு. தள்ளுபடி.

ரெண்டாவது கோப்ரோ மாதிரி ஆக்‌ஷன் கேமரா. தனி உறை இல்லாமலே 10 மீட்டர் வரை தாங்குற மாடல் இருக்கு, வீடியோவுக்கு ராஜா. ஆனா அகலமான லென்ஸ். கல்யாண வீட்டுல பத்தடி தள்ளி நிக்கிற அத்தைய எடுத்தா குட்டியூண்டா தெரிவாங்க.

மூணாவது வாட்டர்ப்ரூஃப் காம்பாக்ட். இதுல பெரிய பேரு 2023-ல வந்த ஓஎம் சிஸ்டம் டிஜி-7. ஒலிம்பஸ் டஃப் வரிசையோட வாரிசு. 12 மெகாபிக்ஸல், எஃப்2 லென்ஸ், 15 மீட்டர் ஆழம். அமெரிக்காவுல வந்தப்பவே கிட்டத்தட்ட 550 டாலர். நமக்கு எட்டாது. கோடக் பிக்ஸ்ப்ரோ டபிள்யூபிஸெட்2-ம் 15 மீட்டர்தான், 16 மெகாபிக்ஸல், 4 மடங்கு ஜூம். (கோடக் பேரை லைசென்ஸ் வாங்கி ஜேகே இமேஜிங் விக்கிறது.) ஸ்நார்க்லிங்ல நாம போறது ஒண்ணு ரெண்டு மீட்டர். 15 எதேஷ்டம்.

செகண்ட் ஹேண்ட் பார்க்கலாமேன்னு சபலம் வந்துச்சு. ஆனா வாட்டர்ப்ரூஃப் கேமராவோட உயிரு அந்தக் கதவுல இருக்கிற ரப்பர் வளையம். முந்தின ஆளு அதை எப்படி வெச்சிருந்தான்னு யாரு கண்டா? கோடக்கையே புதுசா, சிங்கப்பூர்ல இருக்கிற மச்சான் வரும்போது வாங்கிட்டு வரச் சொன்னேன்.

ஊர்ல இருந்து வந்திருந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "ஏல, தண்ணிக்குள்ள முங்குத புள்ளையப் புடிக்கதுக்கு தனியா ஒரு மெசினா?" தூத்துக்குடிக்காரி, கடலை அவளுக்குப் புதுசா காட்ட வேண்டியதில்லை.

மே மாசம், மழைக்கு முன்னாடி, மால்வண். சிவாஜி 1664-ல கட்ட ஆரம்பிச்ச சிந்துதுர்க் கோட்டைக்குப் பக்கத்துலதான் ஸ்நார்க்லிங். அங்க கத்துக்கிட்டது: தண்ணி முதல்ல தின்னுறது சிவப்பு நிறத்தைத்தான். அண்டர்வாட்டர் மோட் போட்டா கொஞ்சம் திரும்பி வரும். ஜூம் வேண்டாம், கை நீட்டுற தூரத்துக்குப் போயிடணும். ஃப்ளாஷ் அடிச்சா மிதக்கிற தூசியெல்லாம் பனி பெய்யுற மாதிரி விழும். எம்பது படத்துல தேறினது ஆறு. அதுல ஒண்ணு, மாஸ்க்குக்குள்ள பொண்ணு சிரிக்கிறது. படகுல இருந்த அம்மாவையும் பத்துப் படம் எடுத்தேன்.

ஊருக்குத் திரும்பினதும் சிரூர்ல ஒரு ஸ்டுடியோவுல நாப்பது படம் பிரிண்ட் போட்டேன். அம்மா ஒவ்வொண்ணா பார்த்துட்டு வந்தவ, "உங்கப்பா கோயில் வாசல்ல நின்னாவல்லா, அந்தப் படம் எங்கலே?"ன்னு கேட்டா.

ரெண்டு வருசமா சொல்லாம வெச்சிருந்தேன். சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "நீலச் சட்டை போட்டிருந்தாவ. எனக்கு ஞாபகம் இருக்கு"ன்னா. பேத்தி படத்தை எடுத்துத் தன் பையில வெச்சுக்கிட்டா.

பி.கு.: கடல்ல இருந்து வந்ததும் கேமராவைக் கதவு மூடினபடியே நல்ல தண்ணியில கொஞ்ச நேரம் ஊறப்போட்டு, துடைச்சு, காஞ்சப்புறம் திறங்க. மணல்ல நின்னுகிட்டு திறக்காதீங்க, ரப்பர்ல ஒரு தலைமுடி போதும் தண்ணி புக. கையில மிதவைப் பட்டை கட்டுங்க. எல்லாத்துக்கும் மேல, படத்தை ரெண்டு இடத்துல வெச்சுக்கோங்க. இன்னிக்கே. இந்தப் பதிவைப் படிச்சு முடிச்ச கையோட.