ஆணியில் சுற்றிய கம்பி

ஏழாம் வகுப்பில் செய்முறைக்குப் பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்துவிட்டு நின்று பாருங்கள். பேட்டரியும் கம்பியும் பையன்கள் கைக்குப் போய்விடும். நோட்டும் ஸ்கேலும் பெண் பிள்ளைகளிடம் வந்து சேரும். “உன் கையெழுத்து அழகா இருக்கு, நீயே எழுது” என்று அவர்களுக்குள்ளேயே முடிவாகிவிடும். நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தும் எனக்கு, பெண் பிள்ளைகள் அறிவியலை விட்டு விலகத் தொடங்கும் இடம் இதுதான் என்று தோன்றுகிறது. மதிப்பெண்ணில் அவர்கள் பின்தங்குவதில்லை. கைதான் பழகாமல் போகிறது.

அதனால் என் வகுப்பில் பொருளை முதலில் தொடுவது பெண் பிள்ளைகள். மின்காந்தம் செய்யும் நாள் எனக்கு மிகவும் பிடித்தது. எனாமல் பூசிய செம்புக் கம்பியை இரும்பாணியில் நெருக்கிச் சுற்றி, இரு முனைகளையும் பேட்டரியோடு சேர்த்தால் குண்டூசி ஒட்ட வேண்டும். முதல் தடவை பெரும்பாலும் ஒட்டாது. “டீச்சர், பேட்டரி போயிடுச்சு” என்பாள் ஒருத்தி. நான் வாங்கிச் சரிசெய்து தருவதில்லை. அதில் கண்டிப்பாக இருக்கிறேன். “அதே பேட்டரியில பல்ப் எரியுதான்னு பாரும்மா” என்பேன். எரியும். அப்படியானால் கோளாறு எங்கே? கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். முனையில் எனாமல் அப்படியே இருப்பது கண்ணில் படும். உப்புத்தாளால் தேய்த்துவிட்டுச் சேர்த்ததும் குண்டூசிகள் தாவி ஒட்டும். கம்பி சூடேறுவதை விரலில் உணர்ந்து சட்டென்று இணைப்பை எடுப்பாள். பிறகு, சுற்றைக் கூட்டினால் எத்தனை ஊசி ஒட்டும் என்று யாரும் சொல்லாமலே எண்ணிப் பார்க்கத் தொடங்குவாள். கோளாறைத் தானே கண்டுபிடித்த பிள்ளைக்கு வரும் தைரியத்தை எந்தப் பாராட்டாலும் கொடுக்க முடியாது.

செங்கோட்டை அரசுப் பள்ளியில் படித்த நிகர் ஷாஜியைப் பற்றியும் சொல்வேன். 2023 செப்டம்பர் 2 அன்று இஸ்ரோ ஏவிய ஆதித்யா எல்1 விண்கலத் திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் அவர். விண்கலத்தைவிட அந்தப் பள்ளியைப் பற்றித்தான் பிள்ளைகள் அதிகம் கேட்பார்கள். ஆனால் இஸ்ரோவை மட்டும் காட்டினால் போதாது. எல்லாரும் ராக்கெட் விடப் போவதில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் பழைய மாணவி வந்து அரைமணி நேரம் பேசினால், அந்த வேலை எட்டும் தூரத்தில் தெரிகிறது.

பெற்றோர் கூட்டத்தில் அம்மாக்கள் கேட்பது செலவைப் பற்றித்தான். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பத்தாம் வகுப்பு முடித்தால் மூன்றாண்டு பாலிடெக்னிக் படிக்கலாம்; அதிலிருந்து நேராகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் மேற்படிப்பில் சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. 2022இல் வந்த இந்தத் திட்டம் தெரியாத வீடுகள் இன்னும் இருக்கின்றன.

பதினொன்றாம் வகுப்பில் என்ன குரூப் என்பதைப் பல வீடுகளில் பெண்ணைக் கேட்காமலே முடிவு செய்துவிடுகிறார்கள். எட்டாம் வகுப்பிலேயே அவளிடம் கேட்டு வையுங்கள்.