பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரம்

அமெரிக்காவின் ஹார்வர்டும் யேலும் 19-ஆம் நூற்றாண்டில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை தங்கள் பழைய மாணவர்களின் பட்டியலை அச்சிட்டு வந்தன. முழுக்க லத்தீனில். யாராவது இறந்துவிட்டால் அவர் பெயரோடு ஒரு சின்ன நட்சத்திரக் குறி சேரும். பட்டியலின் முதல் பக்கங்களில் எல்லாருக்கும் நட்சத்திரம். புரட்டப் புரட்ட அது குறைந்துகொண்டே வந்து கடைசிப் பக்கங்களில் வெறும் பெயர்கள்தான். டேட்டாபேஸ் எழுதிப் பிழைக்கிறவன் நான். முதன்முதலில் இதைப் பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. அட, பூலியன்! இருநூறு வருடம் முன்னாலேயே ஒரு மனிதனை ஒற்றை பிட்டில் முடித்திருக்கிறார்கள்.

நியூ இங்கிலாந்துப் பக்கத்துக் கல்லூரிகளில் இப்படிப் பட்டியல் போட்டுப் பழகிய ஆட்களில் சிலர் மிஷனரிகளாகி யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறினார்கள். டார்ட்மத்தில் படித்த டானியல் பூர் 1816-ல் வந்து சேர்ந்தார். 1823-ல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியபோது அவர்தான் முதல் தலைவர். செமினரி என்றதும் பைபிள் மட்டும் படிக்கிற இடம் என்று நினைத்துவிட வேண்டாம். கணிதம், வானியல், இயற்கை அறிவியல், ஆங்கிலம், தமிழ் இலக்கணம் எல்லாம் உண்டு. இலங்கையில் காலனிச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க இடம் இது என்று எழுதிவைத்தார். பட்டம் கொடுக்கிற உரிமை மட்டும் அதற்குக் கடைசிவரை இல்லை.

அங்கே படித்தவர்களின் பெயர்களை வாசித்துப் பாருங்கள். கறோல் விசுவநாதபிள்ளை. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை. வைமன் கதிரைவேற்பிள்ளை. அமெரிக்காவில் யாரோ ஒருவர் வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு பையனின் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டால், அவனுக்கு ஒரு பெயரைச் சூட்டலாம். தன் பெயராக இருக்கலாம், தன் ஊர்ப் போதகரின் பெயராக இருக்கலாம், செத்துப்போன ஒருவரின் நினைவாகவும் இருக்கலாம். 1841-ல் தொடங்கிய ‘உதயதாரகை’ பத்திரிகையின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். இரண்டு பேருமே செமினரியில் படித்த யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். அசல் ஹென்றி மார்ட்டின் 1812-ல் துருக்கியின் தோகாத் நகரில் இறந்துபோன ஆங்கில மிஷனரி. எங்கோ செத்தவரின் பெயர் யாழ்ப்பாணத்தில் பத்திரிகைக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்திருக்கிறது.

1855-ல் அமெரிக்காவிலிருந்து ரூஃபஸ் ஆண்டர்சன் தலைமையில் ஒரு குழு வந்து கணக்கெடுத்தது. அதுவரை படித்தவர்கள் அறுநூற்றுக்கும் மேல். எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்? எத்தனை பேர் திருச்சபையில் நல்லபடியாக நிற்கிறார்கள்? எத்தனை பேர் விலக்கப்பட்டார்கள்? மிஷன் வேலையில் எத்தனை பேர், அரசாங்க வேலையில் எத்தனை பேர்? எல்லாவற்றுக்கும் எண்கள் வந்தன. ஆண்டர்சனுக்கு அந்த எண்கள் பிடிக்கவில்லை. ஆங்கிலம் படித்தவன் ஊரில் போதகராக இருக்கமாட்டான், சம்பளத்தைத் தேடிப் போய்விடுவான் என்பது அவர் கட்சி. அதே வருடம் செமினரி மூடப்பட்டது. பழைய மாணவர்கள் வாழ்ந்த வாழ்க்கையே தாங்கள் படித்த இடத்துக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. நிறுவனங்களின் வரலாற்றில் இதைவிடக் கசப்பான தணிக்கை அறிக்கையை நான் வாசித்ததில்லை.

இதையெல்லாம் நான் தேடி வாசித்ததற்குக் காரணம் ஒரு அம்மாவின் போன் கால்.

நான் படித்ததும் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகம்தான். எங்கள் பேட்ச் விவரங்களைச் சேகரிக்கிற வேலை, சாஃப்ட்வேர்க்காரன் என்கிற ஒரே தகுதியால், என் தலையில் விழுந்தது. வருடத்துக்கு ஒருநாள் அங்கே சாப்பலில் இறந்துபோன பழைய மாணவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மணியோசை. என் ஹாஸ்டல் நண்பன் ஒருவன் முப்பத்திரண்டு வயதில் மாரடைப்பில் போனான். மெஸ்ஸில் இருந்த பெரிய மிக்ஸி ரிப்பேரானபோது, கடைக்காரனே கைவிட்டதைப் பிரித்துப் போட்டு ஒரே ராத்திரியில் ஓடவைத்தவன். அதிலிருந்து அவன் பெயரே மிக்ஸி. வீட்டில் வேறு பெயர், மார்க் ஷீட்டில் வேறு பெயர். நாலு வருடமும் எங்களோடுதான் இருந்தான். இரண்டு அரியர் மட்டும் பாக்கி, இரண்டுமே கணிதம். எழுதி எழுதிப் பார்த்து விட்டுவிட்டான். அப்புறம் திருச்செந்தூர்ப் பக்கம் சொந்த ஊரில் போர்வெல் மோட்டார் சரிசெய்கிற கடை.

அவன் அம்மாதான் கூப்பிட்டார். “தம்பி, அங்கன கோயில்ல பேர் வாசிப்பாவன்னு சொன்னாவ. எம்புள்ள பேரையும் வாசிப்பாவளா? நாங்க வேதக்காரங்க இல்லியே.” கொஞ்சம் நிறுத்தி, குரலை இறக்கி, “அவன் பாஸும் பண்ணல,” என்றார்.

வேதக்காரர் இல்லை என்பது அங்கே யாருக்கும் பிரச்சனையாகவே இல்லை. ஆபீசில் இருந்தவர் அதைக் கேட்கக்கூட இல்லை. ஆனால் அவர்கள் மென்பொருளில் ‘தேர்ச்சி பெற்ற ஆண்டு’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாமல் பதிவு சேமிக்காது. “சார், அவர் அலும்னி கேட்டகரியிலயே வரமாட்டார் சார்,” என்றார், உண்மையான வருத்தத்தோடு. நாட் நல். எவனோ என்னைப் போன்ற ஒருவன், ஏதோ ஒரு மதியத்தில், டீக்குப் போகிற அவசரத்தில் முடிவு செய்திருப்பான். இறந்தவர் என்று டிக் அடிக்கவே முதலில் ஒரு வருடம் வேண்டும். நன்கொடை கேட்கிற மெயில் மட்டும் எப்படியோ அவனுக்கு மாதாமாதம் போய்க்கொண்டுதான் இருந்தது.

வட்டுக்கோட்டையின் கட்டங்களில் மிக்ஸியை உட்காரவைத்துப் பார்த்தேன். செமினரியில் கதவுக்குள் வந்தவன் எல்லாரையும் எண்ணினார்கள், முடித்தவன் முடிக்காதவன் என்று பார்க்கவில்லை. அங்கே கேள்வி, நீ சபையில் நிற்கிறாயா என்பது. இங்கே, தேர்வில் நின்றாயா என்பது. ஒரு நிறுவனம் செத்துப்போன ஒருவனைப் பற்றி என்ன கேட்கிறது என்பதில் அந்த நிறுவனத்துக்கு எது பயம் என்பது தெரிந்துவிடுகிறது.

சி.வை. தாமோதரம்பிள்ளையின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். சிறுப்பிட்டிக்காரர், 1832-ல் பிறந்தவர், செமினரி மாணவர். 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதலாக நடத்திய பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இரண்டே பேர், அவரும் கறோல் விசுவநாதபிள்ளையும். இருவருமே மூடப்பட்டு இரண்டு வருடமான வட்டுக்கோட்டையில் உருவானவர்கள். பெற்ற தாய்க் கல்லூரி செத்தபிறகு பிள்ளைகள் இன்னொரு வீட்டில் போய்ப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். தாமோதரம்பிள்ளை பின்னாளில் சைவத்துக்குத் திரும்பினார், அரசாங்க வேலைகள் பார்த்தார், புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தார். ஆண்டர்சன் குழுவின் கணக்கில் இவர் நஷ்டப் பக்கம். ஆனால் தமிழுக்கு அவர் கொடுத்தது வேறு கணக்கு. 1881-ல் வீரசோழியம், 1885-ல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-ல் கலித்தொகை, 1889-ல் சூளாமணி. தொட்டால் ஓரம் உதிர்கிற ஏடுகளை எடுத்துவைத்துக்கொண்டு, அழிவதற்குள் அச்சேற்றிவிட வேண்டும் என்று பதறிய பதற்றம் அவருடைய பதிப்புரைகளில் இன்னும் சூடாக இருக்கிறது. 1901 ஜனவரி முதல் தேதி சென்னையில் இறந்தார். இன்று வட்டுக்கோட்டை செமினரியைப் பற்றி யார் எழுதினாலும் முதலில் எழுதுகிற பெயர் அவருடையதுதான்.

எனக்கு அவரைவிட நெருக்கமாகத் தெரிகிறவர் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை. அவர் சபையை விட்டுப் போகவில்லை. ‘உதயதாரகை’க்கு ஆசிரியராக இருந்தார், செமினரி இருந்த இடத்திலேயே 1872-ல் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கியபின் அங்கே பாடம் நடத்தினார். 1886-ல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். நானூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப் புலவர்களின் வரலாறு, அகரவரிசையில். சைவப் புலவர்களும் அதில் இருக்கிறார்கள், கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். பட்டம் வாங்கினானா, சபையில் நின்றானா என்பது அங்கே தகுதி இல்லை, பாடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். சிலருக்குப் பக்கக்கணக்கில் விஷயம், சிலருக்கு நாலைந்து வரி. நாலு வரி கிடைத்தால் நாலு வரி, அதற்காக ஆளை விட்டுவிடவில்லை. மனிதர்களை நல்லபடியாக எண்ணத் தெரிந்த ஒருவரை அந்தச் செமினரியே உருவாக்கியிருக்கிறது. ஆண்டர்சனின் அட்டவணையில் அப்படி ஒரு கட்டமே இல்லை.

எங்கள் பேட்ச்சுக்கு என்று ஒரு தனி ஷீட் போட்டேன். ஆபீஸுக்கு அனுப்பாதது. தேர்ச்சி ஆண்டு கிடையாது, சேர்ந்த ஆண்டு மட்டும். மூன்று பெயர்களுக்கும் இடம். அதற்குப் பிறகு ஒரு பெரிய காலிக் கட்டம், யார் வேண்டுமானாலும் எழுதலாம். வாட்ஸாப் குரூப்பில் லிங்க் போட்ட அன்று ராத்திரியே மிக்ஸியின் வரிசை நீண்டுகொண்டே போனது. ஒருத்தி, தன் லேப் நோட்டில் இருந்த சர்க்யூட் படம் எல்லாமே அவன் வரைந்தது என்று எழுதியிருந்தாள். மெஸ் அண்ணன் மிக்ஸி கதையின் திருத்திய பதிப்பைச் சொல்லச் சொல்ல இன்னொருவன் டைப் பண்ணினான். ஒரே ராத்திரி இல்லையாம், இரண்டு ராத்திரி. ஊரில் எத்தனை கிணறுகளுக்குக் காசு வாங்காமல் மோட்டார் இறக்கிக் கொடுத்தான் என்பதை அவன் தம்பி எழுதினான், கிணற்றுக்காரர்களின் பெயரோடு.

சாப்பலில் அந்த வருடமும் அவன் பெயரை வாசிக்கவில்லை. அம்மாவிடம் அதை மறைக்காமல் சொன்னேன். பிறகு போனிலேயே அந்த வரிசையை வாசித்துக் காட்டினேன், முழுக்க வாசிக்கப் பதினேழு நிமிடம் ஆனது. இடையில் அவர் ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும், “அந்தப் படம் வரஞ்சிக் குடுத்தான்னு சொன்னியே தம்பி, அந்தப் புள்ள இப்ப எங்க இருக்கா?” என்றார். கோயம்புத்தூரில் இருக்கிறாள் என்றேன். நம்பர் கேட்டார். அவளிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்றேன். மறுநாள் கொடுத்தேன்.